வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமலே குழந்தைப்பேறு சிகிச்சை

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் இங்கே சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 34. பொதுத்துறை வங்கியில் அதிகாரி. கணவருக்கு வயது 37. தனியார் நிறுவனத்தில் பொறியாளர். திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் இருவரும் பேசிவைத்தே குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். அதன்பின் கணவர் “இனிப் பெற்றுக்கொள்ளலாம்” என்றபோது வாசகி தலையசைத்தாரே தவிர, கருத்தடை மாத்திரையை நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகளாக அதை அலுவலகக் கைப்பையின் உள்ளறையில் வைத்து, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டு வருகிறார்.

இதற்கிடையில் மாமியார் அவரைத் திருக்கருகாவூருக்கு அழைத்துச் சென்று கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய்ப் பிரசாதம் வாங்கித் தந்திருக்கிறார். “48 நாளும் நெய்யையும் சாப்பிட்டேன், மாத்திரையையும் விழுங்கினேன், அந்த நாட்களில் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கவில்லை” என்று எழுதுகிறார். கடந்த எட்டு மாதங்களாக ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை நடக்கிறது. கணவரின் விந்துப் பரிசோதனையில் குறையில்லை. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். இரத்தப் பரிசோதனையில் வாசகிக்கு அளவு 1.1 என்று வந்ததால், முட்டை இருப்பு குறைவு, இனித் தாமதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டை வளர்வதற்கான மாத்திரை கொடுத்து ஸ்கேன் பார்த்ததில் முட்டை வளரவில்லை. அடுத்த மாதம் ஊசி போடத் தொடங்கி, அதன்பின் விந்தைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யூ.ஐ., அதுவும் பலிக்காவிட்டால் சோதனைக்குழாய் முறை என்பது மையத்தின் திட்டம்.

குழந்தை வேண்டாம் என்று தோன்றுவதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். அவருக்கு 11 வயதாக இருந்தபோது, மூன்றாம் பிரசவத்துக்குப் பிறகு அவருடைய அம்மாவின் மனநிலை பிறழ்ந்தது. இரவெல்லாம் தூங்காமல், “இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். அம்மா ஓரளவு தேறிவந்தாலும் பழையபடி ஆகவில்லை. பிறந்த தம்பிக்குப் பால் கரைத்துக் கொடுத்ததிலிருந்து அவன் பிளஸ் டூ முடிக்கும்வரை எல்லாம் வாசகியின் பொறுப்பாகவே இருந்திருக்கிறது. “நான் ஒரு முறை பிள்ளை வளர்த்து முடித்துவிட்டேன்” என்கிறார். அவர் கேட்பவை இவை: இது மனநோயா? நான்கு ஆண்டு மாத்திரையால் கருப்பை கெட்டிருக்குமா? உண்மையைச் சொன்னால் கணவர் விவாகரத்து வாங்கிவிட முடியுமா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே முடிந்துவிடாதா? “ஒன்னே ஒன்னு பெத்துக் கையில குடுத்துரு கண்ணு, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் மாமியாரின் பேச்சை நம்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு மருத்துவராக, எது காத்திருக்க முடியாதோ அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழந்தை வேண்டுமா என்ற முடிவுக்கு உங்களுக்குச் சில மாதங்கள், ஏன், ஓராண்டுகூட அவகாசம் உண்டு. அடுத்த மாத ஊசிக்கு அந்த அவகாசம் இல்லை.

ஊசியை நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல

நீங்கள் சாப்பிட்டு வருவது இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கருத்தடை மாத்திரை. அதன் வேலையே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவைத் தணித்து, முட்டை முதிர்ந்து வெளிப்படாமல் தடுப்பதுதான். ஆகவே உங்கள் ஸ்கேனில் முட்டை வளராதது நோயன்று; நீங்கள் விழுங்கிய மாத்திரை செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. அதை அறியாத மருத்துவருக்கோ அது மருந்துக்குப் பணியாத சினைப்பையாகத் தெரிகிறது. இனி அவர் போடப்போகும் ஊசி, முட்டை வளர்வதற்காக அவர் முன்பு கொடுத்த மாத்திரையைப் போல மூளையின் வழியாகச் சுற்றிப் போகாது. சினைப்பையை நேரடியாகத் தூண்டும். முட்டை இருப்பு குறைவு என்று எண்ணி அளவைக் கூட்டிப் போட்டால், சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சிலருக்கு மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைகூட வரலாம். தேவையே இல்லாத ஒரு சிகிச்சைக்காக இந்த ஆபத்தை ஏற்க எந்த நியாயமும் இல்லை.

உங்களைப் பயமுறுத்திய 1.1 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.எம்.ஹெச். அளவைக் கருத்தடை மாத்திரையே ஓரளவு குறைத்துக் காட்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எடுத்த அளவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. நிறுத்திச் சுமார் மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. அப்போதும் அந்தப் பரிசோதனை, தூண்டல் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கக்கூடும் என்பதைத்தான் ஊகிக்க உதவுமே தவிர, இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பை அளந்து சொல்லாது. கருத்தடை இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்காவிட்டால், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம் நிற்காவிட்டால், அதன்பின்தான் குழந்தையின்மைக்கான ஆய்வையே நாங்கள் தொடங்குகிறோம். உங்கள் வாழ்வில் அப்படி ஒரு மாதம்கூட இருந்ததில்லை. உறவினர்கள் உங்கள் காதுபட என்ன சொல்லியிருந்தாலும், அந்த நோய்ப்பெயர் இதுவரை உங்களுக்குப் பொருந்தாது.

நான்கு ஆண்டு மாத்திரையால் கருப்பை கெட்டுவிடாது. நிறுத்திய சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ பெரும்பாலோருக்கு முட்டை வெளிப்படத் தொடங்கிவிடும். ஓராண்டுக்குள் கருத்தரிப்போர் அளவும் ஆணுறையைக் கைவிட்டவர்களின் அளவை ஒட்டியே இருக்கிறது. கருத்தரிப்பு திரும்பச் சில மாதம் தாமதமாவது அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் போடப்படும் மூன்று மாத ஊசிக்குத்தான். அதைப் பற்றிக் கேள்விப்பட்டதை நீங்கள் மாத்திரையோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அதே நேரத்தில், மருத்துவரின் கண்பார்வையில்லாமல் நான்கு ஆண்டு இந்த மாத்திரையைச் சாப்பிடுவது சரியன்று. இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தாலோ, கண்முன் மின்னல் போலத் தோன்றிப் பின் வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ இந்த மாத்திரை ஆகாது. இவ்வாரமே இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே சிகிச்சையை நிறுத்துங்கள். மாத்திரையை நாளையே நிறுத்திவிடாதீர்கள். முடிவெடுக்காத நிலையில் தற்செயலாகக் கரு நிற்பது உங்களை இன்னும் இக்கட்டில் தள்ளும். கருத்தரிப்பு மையத்தின் மருத்துவரைத் தனியே சந்திக்க நேரம் கேட்டு உண்மையைச் சொல்லுங்கள். நோயாளி சொன்னதைப் பிறரிடம் வெளியிடாதிருப்பது மருத்துவரின் தொழில்நெறிக் கடமை. கணவரும் அந்தப் ‘பிறரில்’ அடங்குவார். சொல்லத் துணிவில்லையென்றால், “இப்போதைக்கு வேண்டாம்” என்பதே போதும்; எந்தக் கட்டத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. என் துறைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: எட்டு மாதத்தில் ஒருவர்கூட உங்களைத் தனியாக அமரவைத்து “உங்களுக்குக் குழந்தை வேண்டுமா அம்மா?” என்று கேட்கவில்லை என்றால், அந்தக் குறை உங்களுடையது மட்டுமன்று.

‘வேண்டாம்’ என்பதற்குள் இருக்கும் இரண்டு காரணங்கள்

குழந்தை வேண்டாம் என்று எண்ணுவது மனநோயன்று. அதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், அவற்றைப் பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும் என்ற அச்சம். மற்றது, அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன் என்ற களைப்பு.

அம்மாவுக்கு வந்ததை நீங்கள் விவரித்திருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்று ஊகிக்கிறேன். நேரில் பாராமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிரசவமான முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது, தூக்கம் அடியோடு போவது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்ற உறுதியான தவறான நம்பிக்கை ஆகியவை அதன் தெளிவான அடையாளங்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வேறு. அது நம் நாட்டில் ஏறத்தாழ ஐந்து தாய்மார்களில் ஒருவருக்கு வருகிறது. மனப்பிறழ்வு அரிதானது, கடுமையானது, உடனடியாக மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. அப்படிப் பார்த்தால் பெரும்பாலோர் நன்கு குணமடைகிறார்கள். உங்கள் அம்மா முழுமையாகத் தேறாமல் போனதற்கு நோயைவிட, மருந்து கிடைக்காமல் போன அந்த மாதங்களே முதன்மையான காரணமாக இருந்திருக்கக் கூடும். குணசீலத்துக்கு அழைத்துச் சென்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்று அவர்களுக்குத் தெரிந்த வழி அது. கோயிலுக்குப் போவதோடு மருத்துவரிடமும் போகலாம் என்று சொல்ல அவர்கள் பக்கத்தில் ஆளில்லை.

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அப்படியிருந்தும் அத்தகைய மகள்களில் பெரும்பான்மையினருக்கு அது வருவதில்லை. நீங்கள் “எனக்கும் கட்டாயம் வரும்” என்று எழுதியிருப்பது சரியன்று. ஒருவேளை நீங்கள் கருத்தரிக்க முடிவெடுத்தால், அதற்கு முன்பே ஒரு மனநல மருத்துவரைக் கண்டு இந்தக் குடும்ப வரலாற்றைச் சொல்லி, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் யார் உங்களைக் கவனிப்பது, இரவுத் தூக்கத்தை எப்படிக் காப்பது, எந்த அறிகுறி கண்டால் எங்கே போவது என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. உங்கள் அம்மா நோயுற்ற காலத்தில் அப்படியொரு இடம் நம் நாட்டில் இருந்ததில்லை.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் மதிப்போடு பார்க்கிறேன். 11 வயதில் பிள்ளையைக் கையில் வாங்கிய ஒருத்தி, 34 வயதில் மறுபடி வாங்கத் தயங்குவது சுயநலம் என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த 11 வயதுச் சிறுமியைப் பற்றி எதுவும் அறியாதவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அன்று செய்தது, துணையில்லாமல், மறுக்கும் உரிமையில்லாமல், பள்ளிக்கூடத்தை இழந்து செய்தது. உங்களுக்குப் பிடிக்காதது குழந்தை வளர்ப்பா, அல்லது குழந்தையைத் தனியாளாக வளர்ப்பதா? இதை உங்களிடமே சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி சொல்கிறேன். இரவில் எழுவது, காய்ச்சலென்றால் விடுப்புப் போடுவது, பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது எல்லாவற்றிலும் கணவரே முதல் ஆளாகவும் நீங்கள் துணைக்கு நிற்பவராகவும் இருப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்போது வேண்டுமா? அப்போதும் வேண்டாம் என்றே மனம் சொன்னால், அதை அச்சம் என்று எண்ணி மேலும் குடையாதீர்கள். அது உங்கள் விருப்பம். மனம் சற்றே இளகினால், நீங்கள் மறுப்பது குழந்தையை அன்று, வேலைப் பங்கீட்டை. அச்சத்தை நீக்கினால் ஆசை தானே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு, கூசாமல் சொல்கிறார்கள்.

பின்னால் வருந்த மாட்டேன் என்பதற்கு என்ன உறுதி என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த உறுதியும் இல்லை. பெறாததற்கு வருந்துபவர்களையும், வெளியே சொல்ல முடியாமல் பெற்றதற்கு வருந்துபவர்களையும் என் அறையில் பார்த்திருக்கிறேன். வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்ற வாதத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெற்ற பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு வாங்க 2007இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது இந்த நாட்டில்.

கணவரிடம் சொல்வது

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் உங்களுக்குள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியவை. மாத்திரையைப் பற்றிய உண்மை அப்படியன்று. “சொல்லாமல் இருப்பதால்தான் குடும்பம் நிற்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடுதான் எனக்கு மிகுந்த கருத்து வேறுபாடு. உங்கள் கணவர் நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து ஏமாறுகிறார், பரிசோதனைக்கூடத்தில் கூச்சத்தோடு மாதிரி கொடுத்திருக்கிறார், பணம் செலவழிக்கிறார். அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் குழந்தை வேண்டுமென்று விரும்ப அவருக்கும் உரிமை இருக்கிறது. உண்மை தெரியாமல் அவரால் எந்த முடிவையும் எடுக்க முடியாது. நீங்கள் குழந்தை வேண்டாம் என்று எண்ணுவதில் ஒரு தவறும் இல்லை. அவரை இந்த நிலையில் வைத்திருப்பதில் தவறு இருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். மையத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, “போதும், விட்டுரலாமா?” என்று கேட்டதாகவும், நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு நான் அதிகப் பொருள் ஏற்ற விரும்பவில்லை. களைப்பில் கேட்டிருக்கலாம், உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம், அவர் விருப்பமும் பாதிக்குமேல் பெற்றோரின் வற்புறுத்தலாக இருக்கலாம். எதுவானாலும் பேச்சைத் தொடங்க உங்களுக்குக் கிடைத்த வாசல் அது.

சொல்லும்போது மாமனார் மாமியார் வீட்டில் இல்லாத ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போய்வந்த மாலையில் சொல்லாதீர்கள். அம்மாவின் கதையிலிருந்து தொடங்கி மாத்திரையில் முடிக்கத் தோன்றும். அது காரணத்தைக் காட்டி மன்னிப்பை முன்கூட்டியே கேட்பதுபோல் ஆகிவிடும். “நான் மாத்திரை நிறுத்தவே இல்லை. உங்களிடம் மறைத்தது தப்பு. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்” என்று உண்மையை முதலில் வையுங்கள். அவர் கோபப்படுவார், பேசாமல் சில நாள் இருப்பார், வெளியே போய்விட்டுக்கூட வரலாம். அந்தக் கோபத்தைக் குழந்தை வேண்டும் என்ற பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏமாற்றப்பட்டவரின் கோபம் அது, அடங்கச் சில வாரமாகும். அந்த வாரங்களுக்குள் அவரைச் சமாதானப்படுத்துவதற்காகக் “சரி, பெற்றுக்கொள்ளலாம்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அச்சத்தில் சொன்ன ‘வேண்டாம்’ எப்படியோ, குற்றவுணர்வில் சொன்ன ‘வேண்டும்’ அப்படியே. இருவருமாக ஒரு குடும்ப ஆலோசகரைச் சந்திப்பது இந்தக் கட்டத்தில் உதவும். உங்களுக்கு மட்டும் பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். கோபம் கைநீட்டும் அளவுக்குப் போகும் என்ற அச்சம் சிறிதேனும் உங்களுக்கு இருந்தால், இந்தப் பத்தியில் சொன்ன எதையும் தனியாகச் செய்யாதீர்கள். நம்பிக்கையானவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

சட்டம் எங்கே உங்கள் பக்கம், எங்கே இல்லை

நான் வழக்கறிஞர் அல்லர். என் வேலையில் அன்றாடம் எதிர்ப்படுகிற அளவுக்குச் சட்டம் தெரியும். குழந்தை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு கூறு, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கில் சொன்னது. கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ கணவரின் கையெழுத்து வேண்டும் என்று நீங்கள் எண்ணியிருப்பது தவறு. 18 வயது நிறைந்த, மனத்தெளிவுள்ள பெண்ணின் ஒப்புதல் மட்டுமே கருக்கலைப்புக்கு 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி போதும். கருத்தடை தவறி நின்ற கருவை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின்பேரில் கலைக்கலாம். உங்கள் பெயரை வெளியிடுவது குற்றம். தன் ஒப்புதலின்றிக் கருக்கலைத்ததற்காக மனைவியிடமும் மருத்துவர்களிடமும் நட்டஈடு கேட்ட ஒரு கணவரின் மனுவை உச்ச நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது.

ஆனால் உங்கள் உடலின் மீது அவருக்கு அதிகாரமில்லை என்பது வேறு, உங்கள் செயல் திருமணத்தைப் பாதிக்காது என்பது வேறு. 2007இல் சமர் கோஷ் வழக்கில், எவையெல்லாம் மனக்கொடுமை ஆகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டாக வரிசைப்படுத்தியபோது, குழந்தை வேண்டாம் என்று கணவனோ மனைவியோ தன்னிச்சையாக முடிவெடுப்பதையும் அதில் சேர்த்தது. ‘ஆகலாம்’ என்றுதான் சொன்னது, ‘ஆகும்’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் மொத்த வாழ்க்கையையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றது. வெளிப்படையாகப் பேசி மாறுபடுகிற மனைவியின் நிலைக்கும், நான்கு ஆண்டு மறைத்து, வேண்டாத சிகிச்சைக்குக் கணவரை அழைத்துச் சென்ற மனைவியின் நிலைக்கும் நீதிமன்றத்தில் வேறுபாடு இருக்கும். மறைப்பு நீளநீள உங்கள் சட்ட நிலையும் வலுவிழக்கிறது. குழந்தை இல்லாமை மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமன்று. குழந்தை இல்லாத மனைவிக்கு ஜீவனாம்சம் கேட்கும் தகுதியே இல்லை என்று உங்கள் தோழி சொன்னதும் தவறு. அது குழந்தையை வைத்து அன்று, இருவரின் வருமானத்தையும் தேவையையும் வைத்து முடிவாவது. விவரமாகத் தெரிந்துகொள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

வயது, அவகாசம், வேறு வழிகள்

ஓராண்டு எடுத்துக்கொண்டு யோசிப்பதால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. ஐந்தாண்டு எடுத்துக்கொண்டால் இழப்பு உண்டு. கருத்தரிக்கும் திறன் முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து மெல்லவும், 37 வயதுவாக்கில் வேகமாகவும் குறைகிறது. டவுன் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. முடிவெடுக்காமலே தள்ளிக்கொண்டு போனால் 40ஐ நெருங்கும்போது அந்த முடிவை உடலே எடுத்துவிடும்.

முட்டையை உறையவைப்பதைப் பற்றி உங்கள் அலுவலகத் தோழி சொல்லியிருக்கிறார். செய்யலாம், செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டு வரை சேமிக்க அனுமதிக்கிறது. அது வாய்ப்பைச் சேமிப்பதே தவிர, குழந்தையைச் சேமிப்பதன்று. லட்சக்கணக்கில் செலவாகும், மேலே நான் எச்சரித்த அதே ஊசிகளைப் போட்டாக வேண்டும். வேண்டுமென்ற எண்ணம் உறுதியாகி, காலம் மட்டும் தள்ளவேண்டிய பெண்ணுக்குப் பொருந்தும். உங்களுக்கு இப்போது அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தத்தெடுப்பில் அவசரம் குறைவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியரின் வயதுகளின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 71. பதிவு செய்தபின் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இருவரின் சம்மதமும் கட்டாயம். நீங்கள் அஞ்சுவது பிரசவத்தை மட்டுமே என்று தெளிந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. வளர்ப்பதே வேண்டாம் என்றால் இதுவும் பொருந்தாது.

கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சே வேண்டாம். நோயில்லாத உறுப்பை எடுக்க எந்த நல்ல மருத்துவரும் ஒப்பமாட்டார். சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் பருவத்து மாற்றங்கள் முன்கூட்டியே வர இடமுண்டு. குழந்தை வேண்டாம் என்றே இருவரும் முடிவெடுத்தால், பத்தாண்டு வரை பலன் தரும் காப்பர்-டி இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. ஒருபோதும் வேண்டாம் என்ற தெளிவுள்ள பெண்களுக்கு அந்த விதி நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து.

மாமியாரின் வாக்கு

அவர் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அவருக்கு வயது 66, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், மூட்டுவலியால் மாடி ஏறுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்கும். அது முடியும்போது குழந்தைக்கு ஆறு மாதம். நடக்கத் தொடங்கிய குழந்தையின் பின்னால் ஓடும் நிலையில் அவர் இருக்க மாட்டார். மூன்றாண்டுக்கொரு முறை உங்களுக்கு இடமாற்றமும் வரும். உங்கள் வீட்டில் பத்தாண்டு கழித்துக் கவனிப்புத் தேவைப்படப்போகிறவர் அவரே. அவருடைய வாக்கை நம்பிப் பெற முடிவெடுக்காதீர்கள். கணவர் எதைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறார் என்பதை வைத்து மட்டும் முடிவெடுங்கள்.

அவரிடம் எதைச் சொல்வது என்பதைக் கணவரிடம் பேசிய பிறகு இருவருமாகத் தீர்மானியுங்கள். மாத்திரை விவரம் உங்கள் இருவருக்குள் நிற்கட்டும். “சிகிச்சையைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறோம், டாக்டரிடம் பேசிவிட்டோம்” என்பது பொய்யன்று, போதுமான பதிலும்கூட. அதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மகன். இத்தனை நாள் உறவினர் முன்னிலையில் எல்லாக் கேள்விகளுக்கும் நீங்கள் ஒருவரே தலைகுனிந்து நின்றிருக்கிறீர்கள். உண்மை தெரிந்தபின் கணவர் உங்கள் பக்கத்தில் நிற்பாரா என்பதும் நீங்கள் தேடும் பதிலில் ஒரு பகுதி.